பெக்ஜேயை வீழ்த்தியது மகன் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரிய வரலாறு பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, பத்தாம் நூற்றாண்டில் கொரியாவின் தென்மேற்கில் இருந்த பிற்காலப் பெக்ஜே அரசு அப்பன்-பிள்ளை சண்டையில் அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மகன் சின்கோம் தந்தை கியோன் ஹ்வோனைச் சிறைவைத்தது உண்மைதான். ஆனால் அது நடந்த 935இல் அரசில் பாதி ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது.

முதலில் ஆண்டுக் கணக்கு. அப்போது கொரியாவை ஆண்ட சில்லா அரசின் தென்மேற்குக் கடற்கரைக் காவலில் படைத்தலைவனாக இருந்த கியோன் ஹ்வோன், 892இல் இன்றைய க்வாங்ஜுவைப் பிடித்தான். அப்போது தன்னை மன்னன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள அவனுக்குத் துணிச்சல் இல்லை. 900இல் ஜியோன்ஜுவைத் தலைநகராக்கிய பிறகுதான் முடிசூடி, சில்லாவிடம் வீழ்ந்த பழைய பெக்ஜேயின் கடைசி மன்னன் உய்ஜாவுக்காகப் பழிதீர்ப்பேன் என்று கிளம்பினான். இதற்கு வழிவிட்டதே சில்லாவின் வரிக்கொடுமை. 889இல் கஜானா காலியாகி, அரசி ஜின்சியோங் ஆளனுப்பி வரியைக் கறக்கப் போக, ஊருக்கு ஊர் கலகம் வெடித்தது.

இனி, கட்டுரையில் பெயர்கூட வராத நாஜு. ஜியோன்ஜுவுக்குத் தெற்கே யோங்சான் ஆற்றங்கரையில் உள்ள ஊர். வடக்கே ஆண்ட குங் யேயின் தளபதி வாங் கோன், 903இல் கடல்வழியாக வந்து அதைப் பிடித்துக்கொண்டான். பெக்ஜேக்கு முன்னாலும் எதிரி, பின்னாலும் எதிரி. சீனத்து வூயுவே அரசுக்குப் புறப்பட்ட பெக்ஜே கப்பலே 909இல் வழியில் மடக்கப்பட்டது. 910இல் கியோன் ஹ்வோன் 3,000 பேரோடு பத்து நாளுக்கு மேல் முற்றுகையிட்டும் ஊர் பணியவில்லை.

அடுத்தது 927. கியோன் ஹ்வோன் சில்லாவின் தலைநகர் கியோங்ஜுவுக்குள் புகுந்து, மன்னன் கியோங்ஏயைத் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள வைத்து, கியோங்சுனை அரியணையில் ஏற்றினான். சில்லாவின் உதவிக்கு 5,000 குதிரைப்படையோடு விரைந்த வாங் கோனைத் தேகு அருகே கோங்சானில் நொறுக்கினான். ஷின் சுங்கியோம், கிம் நாக் என்ற இரு தளபதிகள் அங்கே மாண்டனர். களத்தில் இதைவிடப் பெரிய வெற்றி அவனுக்குக் கிடைத்ததில்லை. அரசியலில் இதுவே பெரும்பிழை. (தலைநகரில் நடந்த கொடுமைகளை நமக்குச் சொல்லும் சம்குக் சாகி என்ற வரலாற்று நூல் 1145இல், வாங் கோன் நிறுவிய கோரியோவின் அரசவையில் தொகுக்கப்பட்டது. வென்றவர் எழுதிய கணக்கு என்பதை மறக்கக் கூடாது.) அந்நாளில் கோட்டைகள் உள்ளூர்ப் பிரபுக்களின் கையில்; அவர்கள் மனம் கசந்தால் ஆட்சி நிலைக்காது. 918இல் கோரியோவை நிறுவிய வாங் கோனோ முதல்நாளிலிருந்தே அவர்களுக்குப் பரிசும் பணிவான சொல்லும் அனுப்பி, பெண்ணெடுத்து உறவும் கொண்டாடியவன். 930இல் கோச்சாங் (இன்றைய ஆன்தோங்) போரில் உள்ளூர்த் தலைவர்கள் மூவர் அவன் பக்கம் சாய்ந்தார்கள். பெக்ஜே 8,000 பேரை இழந்தது. அடுத்து, கிழக்கே 110க்கும் மேற்பட்ட கோட்டைகள் வாங் கோனிடம் போயின.

அதற்காகப் பெக்ஜே உடனே படுத்துவிடவில்லை. 932இல் அதன் கடற்படை கோரியோ தலைநகரின் வாசலுக்கே போய் 100 கப்பல்களைக் கொளுத்தி, 300 குதிரைகளை ஓட்டிவந்தது. ஆனால் 934இல் உன்ஜுவில் தோற்றதும், உங்ஜினுக்கு வடக்கே 30க்கும் மேற்பட்ட கோட்டைகள் தாமாகவே பணிந்தன.

இத்தனைக்கும் பிறகுதான் வாரிசுத் தகராறு. நான்காவது மகன் கும்காங்குக்குப் பட்டம் என்றதும், மூத்தவன் சின்கோம் தம்பியைக் கொன்று தந்தையைக் கும்சான்சா பௌத்த மடத்தில் அடைத்தான். மூன்று மாதத்தில் தப்பிய கிழவர் ஓடியது எங்கே? இடையில் இழந்து, கோரியோ அப்போதுதான் மீட்டிருந்த நாஜுவுக்கு! அங்கிருந்து வாங் கோனிடம் போய், 936இல் அவனுடைய 87,500 பேர் படையோடு மகனுக்கு எதிராகவே வந்தார். அவரைக் கண்டதும் சின்கோமின் தளபதிகள் சிலர் ஆயுதத்தைக் கீழே போட்டனர்.

கடைசியாக ஒரு திருத்தம்: அவர் கல்லறை ஜியோன்ஜுவில் இருப்பதாகக் கட்டுரை சொல்கிறது. மகன் சரணடைந்த சில நாளிலேயே ராஜபிளவை வந்து அவர் இறந்தது இன்றைய நோன்சான் பகுதியில். அவருடையது என்று வழிவழியாகச் சொல்லப்படும் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

– வாசகர், தஞ்சாவூர்