37-வது 'கடிதம்'

அன்புள்ள சேகர்,

கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்ததில் நிம்மதி. திரையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தும் மறுநாளே எனக்கு மின்னஞ்சல் அனுப்பியவனிடம் அறிவுரை எடுபடாது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சொன்னதுதான் சரி. கோளாறு உன் கோப்பில் இல்லை, என் நிரலில்தான். உன் கோப்பில் 'கடிதம்' என்ற சொல் 37 இடங்களில் வருகிறது என்று எண்ணிச் சொன்னாய். என் சொல்லெண்ணி 36 என்றது. மங்கிய கண்ணோடு எண்ணியிருப்பாய் என்று நான் எழுதியது இப்போது உறுத்துகிறது. மன்னித்துவிடு.

நேற்றிரவு, நிரல் படிப்பதை எல்லாம் அப்படியே டெர்மினல் திரையில் கொட்ட வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் 'க', பிறகு மூன்று கேள்விக்குறிக் கட்டங்கள், அடுத்து மெய்யெழுத்தைப் பறிகொடுத்து அந்தரத்தில் தொங்கும் இகரக் குறி, பிறகு 'தம்'. பார்த்ததும் புரிந்துவிட்டது. கோப்பு என்பது பைட்டுகளின் வரிசை, ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். அதை 4096 பைட் துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக்குகிறேன். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'ட' என்பது 224, 174, 159 என மூன்று பைட். 224 ஒரு துண்டின் வாலில் நின்றுவிட்டது. மற்ற இரண்டும் அடுத்த துண்டின் தலையில். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்தான், எங்கே வெட்டினாலும் உடையாது. நான் சோதித்ததெல்லாம் ஆங்கிலக் கோப்புகளை வைத்து! சிரிக்கிறாயா? சிரி.

அரைகுறை பைட்டுகளை எடுத்து வைத்து அடுத்த துண்டோடு ஒட்டினேன். கட்டங்கள் மறைந்தன. எண்ணிக்கை அதே 36. எழுத்து பிழைத்தது, சொல் பிழைக்கவில்லை: 'க' ஒரு துண்டில், 'டிதம்' அடுத்ததில். துண்டுக்குள் மட்டுமே தேடினால் எப்படிக் கிடைக்கும்? இந்த வழு ஆங்கிலத்திலும் இருந்திருக்கிறது. யாரும் உன்னைப் போல உட்கார்ந்து எண்ணவில்லை, அவ்வளவுதான்.

ஒட்டுப்போட்டதைத் தூக்கி எறிந்துவிட்டு, வரி முடியும் இடத்தில் மட்டும் வெட்டுவது என்று மாற்றி எழுதினேன். கடைசி வரிமுடிவுக் குறிவரை எண்ணிவிட்டு, மிச்சத்தை அடுத்த துண்டுக்கு முன்னால் சேர்க்க வேண்டும். அந்தக் குறியின் மதிப்பு 10. தமிழ் எழுத்தின் எந்தப் பைட்டும் 128-க்குக் கீழே போகாது என்பதால், 10 ஒருபோதும் எழுத்தின் நடுவில் வராது. எழுத்தும் உடையாது, சொல்லும் உடையாது. இந்த அழகை ரசித்துக்கொண்டே ஓட்டினேன்.

36.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன் கோப்பின் கடைசி வரி, 'இத்துடன் இக்கடிதம் முடிகிறது.' அதற்குப் பின் வரிமுடிவுக் குறி இல்லை. படிக்க இனி ஒன்றுமில்லை என்றதும், கையில் மிஞ்சிய அந்த வரியை எண்ணாமலே நிரல் விடைபெற்றுக்கொண்டது. முடிவில் மிச்சத்தையும் எண்ணச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். 37 வந்தது.

திருத்திய நிரலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மருத்துவர் அனுமதித்த பிறகு ஓட்டிப் பார். எண்ணிக்கை உதைத்தால் இந்த முறை உன்னைத்தான் நம்புவேன்.

அன்புடன்,
கதிர்