ஏலத்தில் போன பூசணிக்காய்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், கிறிஸ்தவர்கள் சொத்துச் சேர்ப்பது பாவமா என்று கேட்டிருந்தார். பாவமில்லை. "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்றுதான் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார்; நாங்கள் அதில் ஆசையை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். இயேசுவின் உடலைத் தன் சொந்தக் கல்லறையில் வைத்த அரிமத்தியா ஊர் யோசேப்பு பணக்காரர்தான். சரி, அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. என் மனதைக் குடைவது வேறொன்று.

எங்கள் சபையில் அறுவடைப் பண்டிகை அன்று ஏலம் நடக்கும். வாழைக்குலை, தேங்காய், கோழி, முட்டை, கருவாடு என்று அவரவர் வீட்டில் உள்ளதைக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் கூறுவார்கள். போன வருடம் ஒரு பூசணிக்காய் 25,000 ரூபாவுக்குப் போனது. எடுத்தவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், நல்ல மனிதர், அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய பெயரை மைக்கில் மூன்று தடவை சொல்லி, கர்த்தர் இவரை எப்படி ஆசீர்வதித்திருக்கிறார் பாருங்கள் என்றார்கள். எல்லோரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா, புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர், நுண்கடனுக்குக் கிழமைக் கிழமை தவணை கட்டுகிறவர், ஆறு முட்டை கொண்டுவந்து வைத்திருந்தார். அவர் என் காதருகே குனிந்து, "அப்ப எங்களை ஆசீர்வதிக்கேல்லையோ தங்கச்சி?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆசீர்வாதம் என்ற சொல்லுக்கு எங்கள் வாயில் இப்போது காசு, விசா, மாடி வீடு, வாகனம் என்றுதான் பொருள். சாட்சி நேரத்தில் எழும்புகிறவர்கள் இவற்றைத்தான் சொல்கிறார்கள். கடன்காரன் வாசலில் நின்ற நாளிலும் பொய் சொல்லாமல் இருந்தேன் என்று ஒருவர் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை.

ஏழை விதவையின் இரண்டு காசு பற்றிய பிரசங்கத்தை எத்தனை தடவை கேட்டிருப்போம், அதுவும் காணிக்கை எடுப்பதற்கு முன்னால். மாற்கு 12ஆம் அதிகாரத்தை ஒரு முறை மேலிருந்து வாசித்துப் பாருங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார், உடனே அடுத்த வசனத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே போய் உட்காருகிறார், அங்கேதான் அந்த விதவை வருகிறாள். அவளுடைய வீட்டை யார் தின்றது என்று கேட்காமல் அவள் போட்ட காசை மட்டும் புகழ்ந்தால் எங்களுக்கு வசதிதான். லூக்கா 12இல் வரும் ஐசுவரியவானும் ஒன்றும் களவெடுத்தவன் இல்லை, நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் பேசுவதைக் கேளுங்கள், என் களஞ்சியம், என் பொருள்கள், என் ஆத்துமா, வேறொரு ஆள் அவன் வாயில் வரவே இல்லை, பக்கத்து வீட்டுக்காரன்கூட இல்லை.

பூச்சியும் துருவும் கெடுக்கும் என்று இயேசு சொன்னதைத் திருகோணமலையில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, உப்புக்காற்றில் எங்கள் ஜன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்தது. உடுத்த உடுப்போடு பாடசாலை மண்டபத்தில் இருந்தோம், சைவர்களும் முஸ்லிம்களும் நாங்களும் ஒரே கிடாரத்துச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். அப்புறம் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்தில் 360ஐத் தாண்டியபோது, அப்பாவின் ஓய்வுக்காலக் காசு வங்கியில் இருந்தபடியே கரைந்தது, ஒரு திருடனும் கன்னமிடவில்லை. இவ்வளவையும் பார்த்த பிறகும் ஞாயிறு காலை ரியூசன் இருந்தால் பிள்ளையை ஓய்வுநாட் பாடசாலைக்கு அனுப்ப மாட்டோம். நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன், இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

ஏலத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அந்தக் காசில்தான் கூரை திருத்துகிறோம். யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பதை மைக்கில் சொல்லாமல் விடலாம் என்றுதான் கேட்கிறேன். அதில் ஒரு பங்கைச் சபைக்குள்ளேயே தவணையில் மூழ்கிக் கிடக்கும் பெண்களுக்கு எடுத்து வைக்கலாம், வரி வசூலித்த பணக்காரன் சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகுதானே இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. இதைச் சபைக் கூட்டத்தில் சொன்னேன், பார்க்கலாம் என்றார்கள்.

என் அம்மம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனிப் பானையில் போடுவார். யார் வீட்டுப் பானையில் எவ்வளவு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது, எல்லாம் ஒரே சாக்கில்தான் போய்ச் சேரும். அந்தப் பிடியரிசிப் பானையை இந்த மாதம் என் குசினியில் திரும்ப வைத்திருக்கிறேன். அந்த அக்காவிடம் சொன்னபோது, தானும் ஒரு ரின் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருகோணமலை.