40 ரூபாய் லோகோ 169 ரூபாய் ஆனது எப்படி? கணக்கும் வேண்டும், பணமும் வேண்டும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் கேட்டாயிற்று, மெயில் போட்டாயிற்று. போனில் ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிவிட, அவர் மறுபடியும் முதல் ஆளுக்கே மாற்றிவிட, நடுவில் ஓடும் உங்கள் கம்பெனி மியூசிக் என் பேரனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இனி வாயால் பேசிப் பலனில்லை என்றுதான் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

ஆர்டர் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. மெரூன் கலர் காலர் டி-ஷர்ட் 48, இடது மார்பில் எங்கள் சமையல் குழுவின் லோகோ: குத்துவிளக்கு, கீழே வாழையிலை, சுற்றி வட்டமாகப் பெயர். நீங்கள் கொடுத்த கொட்டேஷனில் சட்டை 290, எம்பிராய்டரி 40, ஆக ஒன்று 330 ரூபாய், மொத்தம் 15,840. இதை நான் சொல்லவில்லை, உங்கள் லெட்டர்பேடு சொல்கிறது. பாதிப் பணம் அட்வான்ஸாக அன்றே போட்டுவிட்டேன்.

அப்புறம் வந்த பில் 22,044. வரி அதற்கு மேல் தனி. பஞ்சிங் சார்ஜ் 1,200, கூடுதல் ஸ்டிட்ச் 2,160, கலருக்கு 960, எம்பிராய்டரிக்கு அடியில் துணியோடு வைத்துத் தைக்கிற பேக்கிங் பேப்பருக்கு 384, அவசரக் கட்டணம் 1,500. சட்டைக்கு 40 ரூபாய் என்ற வேலை 169 ரூபாய்க்கு மேல் போய் நிற்கிறது. எதற்கு, எப்படி என்று கேட்டது ஒரு குற்றமா? கேட்டதற்கு உங்கள் பில்லிங் செக்ஷன் தம்பி சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சார், இது பூக்கடை இல்ல, முழம் போட்டு விலை சொல்றதுக்கு. இஷ்டம்னா பேலன்ஸ் கட்டுங்க, இல்லன்னா சரக்கு இங்கயே கிடக்கும்."

பூக்கடையாம். பஸ் ஸ்டாண்ட் வாசலில் பூ விற்கிற அம்மா நம் கண் முன்னால் கையை நீட்டி முழம் போட்டுக் காட்டித்தான் காசு வாங்குகிறார். அந்த நேர்மை உங்களிடம் இருந்திருந்தால் நான் ஏன் இந்தக் கடிதம் எழுதப் போகிறேன். முப்பது வருஷமாகக் கல்யாணப் பந்தி நடத்துகிறவன் நான். இலைக்கு இவ்வளவு என்று ரேட் பேசிவிட்டு, பந்தி முடிந்ததும் அப்பளத்துக்குத் தனி, ஊறுகாய்க்குத் தனி, உப்புக்குத் தனி என்று பெண் வீட்டாரிடம் நின்றால் என்னை மண்டபத்தை விட்டு வெளியே விடுவார்களா?

முகூர்த்தம் நெருங்கியதால் வேறு வழியில்லாமல் முழுப் பணமும் கட்டினேன். கட்டினேன் என்பதால் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை, கட்டும்போதே மெயிலில் அதை எழுதியிருக்கிறேன், எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் சொல்லாத கணக்கை எங்கள் ஊரில் ஒற்றை ஹெட் மெஷின், அதாவது ஒரு நேரத்தில் ஒரு சட்டை மட்டும் போடுகிற மெஷின் வைத்து ஸ்கூல் யூனிஃபார்முக்கு பேட்ஜ் போடுகிற பையன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டான். எம்பிராய்டரிக்கு விலை ஸ்டிட்ச் கணக்கில்தான், ஆயிரம் ஸ்டிட்ச்சுக்கு இவ்வளவு என்று. படத்தை மெஷினுக்குப் புரிகிற ஃபைலாக மாற்றுவதுதான் பஞ்சிங், அது ஒரு தடவைச் செலவு. அடுத்த முறை அதே லோகோவை அதே அளவில் போட்டால் மறுபடியும் கேட்கக் கூடாது. ஆறு சட்டை போடுகிறவனுக்கு அந்த 1,200 ரூபாய் தலைக்கு 200 ஆகும், 48 போட்ட எனக்கு 25தான் ஆகும், அதனால்தான் கொஞ்சமாக ஆர்டர் கொடுத்தால் எங்கே போனாலும் விலை கூடுதல். சரி, நியாயம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் மறுபேச்சு பேசாமல் கொடுத்திருப்பேன்.

ஆனால் ஸ்டிட்ச்? 40 ரூபாய் என்பது 5,000 ஸ்டிட்ச் வரைக்கும் மட்டும்தான் என்று பில் வந்த பிறகு சொல்கிறீர்கள். என் லோகோ 14,000 ஸ்டிட்ச்சாம், அதனால் மிச்ச 9,000த்துக்கு ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய் வீதம் சட்டைக்கு 45 ரூபாய். மார்பில் போடுகிற 9 சென்டிமீட்டர் லோகோ சாதாரணமாக ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள்தான் வரும் என்கிறான் அந்தப் பையன். என் சட்டையைப் பார்த்துவிட்டு எட்டாயிரத்தைத் தாண்டாது என்றான். அவன் சொல்வது தப்பு என்றால் ஃபைலை அனுப்புங்கள், மெஷினில் ஏற்றிய உடனே ஸ்கிரீனில் எண்ணிக்கை தெரிந்துவிடும். ஒரு ஊசி துணியில் இறங்குவதற்கு முன்பே தெரிந்துவிடுகிற எண்ணிக்கையை, பணம் கொடுக்கிறவனிடம் சொல்ல உங்களுக்கு என்ன தயக்கம்? ஃபைல் கேட்டால் "அது கம்பெனி பிராப்பர்ட்டி" என்கிறார்கள். அப்படியானால் 1,200 எதற்கு வாங்கினீர்கள்?

கலர் சார்ஜ் இன்னும் பெரிய கூத்து. மெஷினில் ஒரு ஹெட்டில் 12, 15 ஊசி, ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல். அதுவே மாறி மாறிப் போட்டுக்கொள்ளும், யாரும் சட்டைக்குச் சட்டை நூல் கோர்க்கப் போவதில்லை. அதற்குச் சட்டை ஒன்றுக்கு 20 ரூபாய்.

அவசரக் கட்டணம் பற்றி எழுதும்போதே கை நடுங்குகிறது. சேல்ஸில் பேசியவர் "12 ஹெட் மெஷின் ஓடுது சார், கவலையே படாதீங்க" என்று பெருமையடித்தார். 12 ஹெட் என்றால் 48 சட்டைக்கு நாலே சுற்று. நிமிஷத்துக்கு 800 ஸ்டிட்ச் ஓடினால் உங்கள் 14,000 கணக்கிலேயே ஒரு சுற்று இருபது நிமிஷம்கூட ஆகாது. ஃப்ரேம் மாட்ட, நூல் அறுந்தால் கோர்க்க என்று தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் ஒரு அரை நாள் வேலை. இதற்கு 1,500 அவசரக் கட்டணம் வாங்கிக்கொண்டு, முகூர்த்தம் முடிந்து மண்டபத்தைக் கழுவிவிட்ட பிறகு பார்சலை அனுப்புகிறீர்கள்.

அதற்கு முன்னால் "ரெடி சார், வந்து எடுத்துக்கோங்க" என்று போன் செய்ததும் உங்கள் ஆட்கள்தான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள், காய்கறி வந்து இறங்குகிற நேரத்தில், எல்லாவற்றையும் மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகத் திருப்பூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார், அப்புறம் பேங்க் போயிருக்கிறார், அப்புறம் இனி இன்றைக்கு வர மாட்டார். கடைசியில் கேட்டில் இருந்த செக்யூரிட்டி பெரியவர்தான் பாவப்பட்டு, "எம்பிராய்டரி இங்க ஓட்றதில்லைங்க சார், வெளிய ஜாப் ஒர்க்குக்குப் போயிருக்குதுங்க, இன்னும் வரலைங்க" என்றார். அந்த வளாகத்தில் உண்மை பேசிய ஒரே மனிதர் அவர்தான், தயவுசெய்து அவரை இதற்காக எதுவும் சொல்லிவிடாதீர்கள். அப்போது அந்த 12 ஹெட் மெஷின் யாருடையது?

சட்டையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒரு தடவை அலசியதும் லோகோவைச் சுற்றித் துணி சுருங்கி, விளக்கு கூன் விழுந்து நிற்கிறது. சுடருக்கும் திரிக்கும் நடுவில் மெரூன் துணி எட்டிப் பார்க்கிறது. உள்பக்கம் திருப்பினால் கிழித்தெடுத்த வெள்ளைப் பேப்பர் பிசிர் பிசிராக ஒட்டிக்கொண்டு, நூல் முடிச்சு உறுத்துகிறது. பனியன் துணி இழுத்தால் விரிகிற துணி, அதற்குக் கிழிக்கிற பேப்பர் வைக்கக் கூடாது, கத்தரியால் வெட்டி மிச்சத்தை அப்படியே விடுகிற பேக்கிங்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பையனுக்கே தெரியும்போது, பனியன் ஊரில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியாதா? வட்டத்தில் 'சமையல் குழு' என்ற எழுத்தில் 'ழு' அடைத்துக்கொண்டு ஒரு நூல் உருண்டையாகக் கிடக்கிறது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே எழுத்து போனால் ஊசிக்குள் அடங்காது, அதிலும் நம் எழுத்தில் இவ்வளவு சுழி, எழுத்தைப் பெரிதாக்குங்கள் அல்லது எடுத்துவிடுங்கள் என்று டிசைன் வாங்கும்போதே சொல்வது உங்கள் வேலை. சாம்பிள் போட்டு போட்டோ அனுப்புகிறோம் என்றீர்களே, அது எங்கே?

அன்று என் பையன்கள் ஆளுக்கு ஒரு கலரில் பழைய சட்டையோடு பரிமாறினார்கள். பெண்ணின் பெரியப்பா, "என்ன அண்ணாச்சி, யூனிஃபார்ம் எல்லாம் சொன்னீங்க" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். முப்பது வருஷப் பெயர் ஒரே பந்தியில் போயிற்று. இனி அந்தச் சொந்தத்தில் ஒரு காதுகுத்துகூட எனக்கு வராது. கணக்குப் போட்டால் லட்சக்கணக்கில் நஷ்டம், அதை எந்த பில்லில் போடுவது?

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. கொட்டேஷனுக்கு மேல் வாங்கிய 6,204 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். உண்மையான ஸ்டிட்ச் எண்ணிக்கையைக் காட்டினால் அதற்குரியதையும், ஃபைலைக் கொடுத்தால் பஞ்சிங் பணத்தையும் கழித்துக்கொள்ளுங்கள், அந்த அளவுக்கு நான் நியாயமானவன்தான். 48 சட்டையையும் உங்கள் செலவில் எடுத்துப் போய், சரியான பேக்கிங் வைத்துப் புதிதாகப் போட்டுத் தாருங்கள்.

இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்வேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவன் வாங்கினால் அவனும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்றும் இருக்கிறது. அதாவது திண்டுக்கல்லில். இந்தத் தடவை பஸ் ஏற வேண்டியது நீங்கள்.

பில், கொட்டேஷன், சட்டையின் இரண்டு பக்க போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போன் வேண்டாம். முக்கியமாக அந்தப் பூக்கடைத் தம்பியை விட்டு போன் பண்ண வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பணம் முழுசாகக் கட்டிய வாடிக்கையாளர்,
திண்டுக்கல்