மூன்று கிலோ லேப்டாப்பும் புதுவயல் டவுன் பஸ்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறக்கிற நேரம் என்பதால் உங்கள் நாளிதழில் முழுப்பக்கம், அரைப்பக்கம் என்று லேப்டாப் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. தங்கை இந்த வருடம் எம்.காம். சேர்ந்திருக்கிறாள், அவளுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்பதால் ஒன்று விடாமல் படிக்கிறேன். பிராசசர் பெயர் போட்டிருக்கிறார்கள், மாதத் தவணை போட்டிருக்கிறார்கள், பையும் மவுஸும் இலவசம் என்று போட்டிருக்கிறார்கள். எடை எவ்வளவு என்று மட்டும் ஒரு விளம்பரத்திலும் காணோம். வெங்காயம் வாங்கினாலும் வெள்ளிச் செம்பு வாங்கினாலும் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்கிற ஊர் எங்களுடையது. அறுபதாயிரம் ரூபாய் சாமானை மட்டும் எடை கேட்காமல் வாங்கி வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

எங்களுக்குப் புதுவயல். 2022இல் காரைக்குடியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன், இப்போது அதே துறையில் ஆய்வு மாணவி. ஊரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, திரும்பி வரும்போதும் அதே கணக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை, பெரிய உபகாரம், மறுக்கவே முடியாது. ஆனால் காலை எட்டரை மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். நின்றுகொண்டே போகிறவர்களுக்குப் பை எவ்வளவு கனம் என்பதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம்.

எம்.ஏ. சேர்ந்த வாரம் அப்பாவோடு கடைக்குப் போனோம். அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர், சிப்பத்தைத் தூக்கிப் பார்த்தே அரைக் கிலோ குறைகிறது என்று சொல்லிவிடுவார், ஆனால் கண்ணாடி ஷோரூமுக்குள் நுழைந்ததும் வாயடைத்துப் போனார். கடைக்காரப் பையன், “இது கேமிங் மாடல் மேடம், கிராபிக்ஸ் கார்டு இருக்கு, அஞ்சு வருஷத்துக்கு அசைக்க முடியாது” என்றான். அசைக்க முடியாது என்பது உண்மைதான். வீட்டுக்கு வந்து ஆலைத் தராசில் வைத்துப் பார்த்தபோது லேப்டாப் 2 கிலோ 300, செங்கல் மாதிரி இருந்த அதன் சார்ஜரும் வயரும் 600 கிராம். மேலே ஒரு தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், நூலகத்தில் எடுத்த இரண்டு புத்தகம். எல்லாம் சேர்ந்தால் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும்.

முதல் வாரமே ஒரு நாள், உட்கார்ந்திருந்த ஒரு அக்கா வழக்கம்போல் “பையைக் குடு பாப்பா” என்று வாங்கி மடியில் வைத்தார். வைத்தவுடன் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “என்ன பாப்பா, உள்ளே அம்மிக்குழவியா வச்சிருக்கே?” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. மூன்றாவது மாதம் வலது தோள்பட்டையில் வலி வந்தது, பையை இடது பக்கம் மாற்றினேன், அதுவும் வலித்தது. பிறகு லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு நோட்டில் எழுதிவந்து ராத்திரி தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். தூக்கிக்கொண்டு போக வாங்கிய சாமான் வீட்டைவிட்டு நகரவில்லை. இப்போது அதில் தம்பி கார் ரேஸ் விளையாடுகிறான்.

கனம் மட்டும்தானா கோளாறு என்றால், இல்லை. அந்த மாடலில் பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கினால் பெரிது. ஏன் என்று அப்போது தெரியாது, சூடு பட்டபின்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் ஹெச் என்று இருந்தால் அது 45 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கிற கனரக சாதி, யு என்று இருந்தால் 15 வாட் அளவில் ஓடுகிற சிக்கன சாதி. ஐ-5, ஐ-7 என்று கடையில் பெருமையாகச் சொல்கிறார்களே, அதைவிடப் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு முக்கியம் அந்தக் கடைசி எழுத்து. நான் எழுதுவதும் படிப்பதும்தான் செய்கிறேன், அதற்கு எதற்கு ஹெச்சும் கிராபிக்ஸ் கார்டும்? நூலகத்தில் திறந்தால் அதன் விசிறி போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பேட்டரி விஷயத்தில் ‘10 மணி நேரம்’ என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஒரே வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்காக இருக்கும். பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு வாட்-ஹவர், அது எவ்வளவு என்று கேளுங்கள். 50 வாட்-ஹவர் பேட்டரி, சராசரியாக 8 வாட் எடுக்கிற லேப்டாப் என்றால் ஆறு மணி நேரம் வரும், அதே பேட்டரியில் 20 வாட் எடுக்கிற மாடல் இரண்டரை மணியில் படுத்துவிடும். சாதாரண வகுத்தல் கணக்குதான். அதைச் செய்ய ஒரு கடையிலும் ஆள் இல்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம், அதுவும் காரைக்குடியில். 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்ததுதான் நம் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பேட்டரிக்குள் நடப்பதெல்லாம் மின்வேதியியல், அதற்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் பேட்டரி பற்றிக் கேட்டால் “நல்லா நிக்கும் மேடம்” என்பதுதான் பதில்.

சிக்ரியில் படிக்கிற தோழி ஒருத்தி சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, எந்நேரமும் நூறு சதவீதத்தில் நிற்பதும் ஆகாது. பெரும்பாலான லேப்டாப்பில் எண்பதோடு நிறுத்துகிற வசதி அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது, வீட்டில் பிளக்கில் போட்டபடியே வேலை செய்கிறவர்கள் அதைப் போட்டுவிடலாம். சித்திரை வெயிலில் பஸ் எஞ்சின் மூடி மேலே பையை வைத்துவிட்டு வருகிற பழக்கம் எனக்கு இருந்தது, அதை அன்றோடு விட்டேன்.

திரை பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் வாடகைக்கு இருப்பது ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டு. அறைக்குள் சுவர் முழக்கணக்கில் தடிமன், மொபைல் சிக்னல் கிடையாது, பிளக் பாயிண்டும் ஒன்றே ஒன்று. வளவில் தூண் ஓரமாக உட்கார்ந்தால்தான் இன்டர்நெட் வரும். பகலில் அங்கே முற்றத்து வெளிச்சம் நேராக அடிக்கும். திரை வெளிச்சத்தை நிட்ஸ் என்று அளக்கிறார்கள், 250 நிட்ஸ் திரையில் என் முகம்தான் தெரியும், எழுத்து தெரியாது. குறைந்தது 300, முடிந்தால் 400 நிட்ஸ், பளபளப்பு இல்லாத மேட் திரை என்று கேட்டு வாங்குவது நல்லது. அகலத்துக்கு உயரம் 16க்கு 9 என்பதைவிட 16க்கு 10 என்றிருந்தால் பக்கத்துக்கு நாலைந்து வரி கூடத் தெரியும். என் வேலையில் முக்கால்வாசி ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் படிப்பது. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒருவராகச் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆயின. பக்கத்து ஊரில் இருந்த காகிதம் சென்னைக்குப் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைக்கிறவர்கள் இல்லாவிட்டால் புதுவயலில் உட்கார்ந்து படிக்க வழியே இல்லை. அந்தப் பக்கங்களைப் பெரிதாக்கிப் படிக்க நல்ல திரை வேண்டும், நாலைந்து கோப்புகளை ஒன்றாகத் திறந்து வைக்க 16 ஜிபி ரேம் வேண்டும். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்ற வைத்துவிடுகிறார்கள், 8 ஜிபி வாங்கிவிட்டு அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் முடியாது. கோப்புகளைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டியைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம், ரேம் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, “ஆப்பிள் மேக்புக் ஏர் வாங்கித் தரேன், 1 கிலோ 240 கிராம்தான், விசிறியே கிடையாது” என்றார். ஆசையாகத்தான் இருந்தது. தமிழ் 99 விசைப்பலகையும் அதிலேயே இருக்கிறது, தனியாக எதையும் போட வேண்டாம். ஆனால் தங்கைக்குக் கணக்கு எழுதுகிற டாலி மென்பொருள் வேண்டும், டாலி பிரைம் விண்டோஸில்தான் ஓடும். புவியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு வேண்டிய வரைபட மென்பொருள் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவும் விண்டோஸில் மட்டும்தான். என்ன மென்பொருள் தேவை என்று துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று அந்த மாடலுக்குக் குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள், எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பணம் இல்லையே என்றால் செகண்ட் ஹேண்டும் மோசமில்லை. நான் இப்போது இதை எழுதுவதே சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய திங்க்பேட் லேப்டாப்பில்தான். கம்பெனி அலுவலகங்களில் ஓடி முடித்து வருகிற திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் உறுதியானவை, கீபோர்டு அருமை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, அடியில் ஒட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள், அதே மாதிரி இதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது, ஆறு, ஏழு என்று மலிவாகக் கிடைத்தால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடத் தெரிந்தவர்கள் மட்டும் வாங்கலாம். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கிற கட்டளை இருக்கிறது, புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று அது சொல்லிவிடும். கடைக்காரரை முன்னாலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தங்கையோடு கடைக்குப் போனேன், போன தடவை போன கடை இல்லை. 14 அங்குலம், 1.4 கிலோ என்று எழுதியிருந்த ஒன்றைக் காட்டினார்கள். எடை போட்டுப் பார்க்கணும் என்றேன். கடைப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், முதலாளி மட்டும் சிரிக்கவில்லை, பக்கத்து மளிகைக்கடைக்கு அவரே தூக்கி வந்தார். பருப்புத் தூசியைத் துணியால் துடைத்துவிட்டு எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் 1 கிலோ 520. முதலாளிக்கே திகைப்பு. கைப்பேசியில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தோம், ‘1.4 கிலோவிலிருந்து’ என்று இருந்தது. அந்த ‘இருந்து’ என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். இருப்பதிலேயே சின்ன பேட்டரி போட்ட மாடலின் எடை அது, கடையில் வைத்திருந்தது பெரிய பேட்டரி. பெரிய பேட்டரி என்றால் நல்லதுதான், அந்த 120 கிராம் எனக்குப் பொருட்டில்லை என்று தங்கையே சொல்லிவிட்டாள். சார்ஜரையும் வைக்கச் சொன்னேன், டைப்-சி, 65 வாட், வயரோடு 210 கிராம். அதே சார்ஜரில் போனுக்கும் சார்ஜ் ஏறும், ஆக இன்னொரு சார்ஜர் சுமக்க வேண்டாம். மொத்தம் 1 கிலோ 730, என் அம்மிக்குழவியில் பாதியைவிடச் சற்றுக் கூட. வாங்கிவிட்டோம். மளிகைக்கடைக்காரர் எடைக்கூலி கேட்டார், விளையாட்டுக்குத்தான், கால் கிலோ கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். உங்கள் நாளிதழில் வாரம் ஒரு முறை புது லேப்டாப், புது போன் பற்றி எழுதுகிறீர்கள். அதில் சார்ஜரோடு சேர்த்த எடை, பேட்டரியின் வாட்-ஹவர், ரேமைப் பிறகு கூட்ட முடியுமா முடியாதா என்ற மூன்றையும் ஒரு வரியில் போடுங்கள். விளம்பரம் கொடுக்கிற கடைகளிடமும் எடையைக் கேட்டு வாங்கிப் போட முடிந்தால் இன்னும் நல்லது, இலவசப் பை என்று போடுகிற இடத்தில் அதற்கு இடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஆய்வு மாணவி,
புதுவயல், சிவகங்கை மாவட்டம்.