சும்மாட்டுத் துணிக்கு ஒரு நன்றி

எங்கள் பூனை சாம்பு நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். விடிகாலையில் தானாக ஒன்றுக்குப் போனான். அவனுடைய மணல் தட்டில் கிடந்த அந்த ஈர மணல் கட்டியைப் பார்த்து நானும் அம்மாவும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். மூத்திரம் அடைத்துக்கொண்டு அவன் பட்ட பாடு தெருவுக்கே தெரியும், முழுக்க மறுபடி எழுதவில்லை.

முதல் நன்றி மீன்கார அக்காவுக்கு. அவர் வாட்ஸப் பார்க்க மாட்டார், நாளைக்கு வாசித்துக் காட்டுவேன்.

முந்தின நாளிலிருந்தே அவன் தட்டுக்குப் போய்ப் போய் முக்கினான், மடித்து வைத்த துணிமேல் குந்தினான், வயிற்றைத் தொட்டால் சீறினான். மலச்சிக்கல் என்றேன் நான். திமிர் என்றார் அப்பா. அக்கா கூடையை இறக்கி, வழக்கம்போல சங்கராத் தலையை நீட்டினார். அவன் எழவே இல்லை. "மீனு வந்தும் எந்திரிக்கலைன்னா உடம்புல என்னமோ இருக்குடா. கண்ண எப்பிடிச் சுருக்குது பாரு, காது ரெண்டும் பக்கவாட்டுல போயிடுச்சு. ஒண்ணுக்குப் போவுதா?"

அதை நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை.

தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து, அந்தத் துணியிலேயே அவனைச் சுருட்டி, முகம் மட்டும் தெரிய என் கையில் கொடுத்தார். வியாபார நேரத்தில் கூடையை எங்கள் படியில் விட்டுவிட்டு முக்குக்கு ஓடி ஆட்டோ பிடித்தார்.

ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகலாம். அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடும் என்றார் டாக்டர். காது, கண், மூஞ்சி, மீசை, தலை நிற்கும் விதம் என்று ஐந்தை வைத்துப் பூனையின் வலியை அளக்க மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019இல் ஓர் அளவுகோல் வெளியிட்டிருக்கிறார்கள். போனில் படம் காட்டினார். அக்கா மீன் தலையை வைத்தே அளந்துவிட்டார்! அப்பா எடுத்து வைத்திருந்த அரை பாரசிட்டமாலைக் கொடுத்திருந்தால் அதுவே அவனைக் கொன்றிருக்கும். பூனைக்கு அது விஷம்.

குழாய் போட்டு அடைப்பு எடுத்த டாக்டர்கள், மீட்டர் பார்க்காத ஆட்டோ அண்ணன், பணம் புரட்டித் தந்த மாடி வீட்டார், அக்காவின் மீனை ஐஸ் போட்டு விற்றுக் கொடுத்த இஸ்திரி அண்ணன், எல்லாருக்கும் நன்றி. இனி காலையில் பல் விளக்குவதற்கு முன் தட்டில் எத்தனை கட்டி என்று எண்ணப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரியுங்கள்.

சும்மாட்டுத் துணியை மூன்று தடவை துவைத்துக் கொண்டுபோனேன். மீன் வாடை போகவில்லை. "நீயே வெச்சுக்க, எங்கிட்ட சேலைக் கிழிசல் நெறைய கெடக்கு" என்றார். இதோ, சாம்பு அதன்மேல்தான் தூங்குகிறான்.