பதினெட்டு ஃபிரேம் மௌனம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதத்துக்கு நான்கு மாதங்களாகப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான், பொறுத்துக்கொள். அம்மா நலமாக இருக்கிறார். உன் மகள் தேர்ச்சி பெற்ற செய்தியை அக்கா சொன்னாள். அவளுக்கு என் வாழ்த்துகள். இன்று எழுத அமர்ந்ததற்குக் காரணம், 18 ஃபிரேம் மௌனத்துக்காக நேற்று வாதாடிவிட்டு வந்திருக்கிறேன் என்பதே. உன்னிடம் சொல்லாமல் எனக்கு உறக்கம் வராது.

முழுநீளப் படமொன்றின் ட்ரெய்லருக்கு முதன்முறையாக ஒலி வடிவமைக்கிறேன். படத்தொகுப்பாளர் தற்காலிகமாக வைத்திருந்த வீச்சொலி, படிப்படியாக ஏறிப் பதற்றம் கூட்டும் ரைசர், இடிபோல் விழும் ஹிட் எல்லாமே விலைக்குக் கிடைக்கும் ஆயத்த ஒலிகள். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற ஒலி இந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும்? முதல் காட்சியில் ஆளில்லாமல் ஆடுகிற சங்கிலி ஊஞ்சல் ஒன்று வருகிறது. அதன் கிறீச்சொலியை, செவிக்கு எட்டாத அதிர்வுகளையும் பற்றும் ஒலிவாங்கியைக் கொண்டு 192 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 1,92,000 மாதிரிகள் எடுக்கும் வேகத்தில், பதிந்தேன். கால்வாசி வேகத்தில் ஓட்டினால் ஒலி இரண்டு ஸ்தாயி கீழிறங்கும். வழக்கமான பதிவாக இருந்தால் ஒலியின் உயர் அதிர்வெண் பகுதி வெறுமையாகி மங்கிப்போகும், இங்கோ அதுவரை கேளாதிருந்த அதிர்வுகள் இறங்கிவந்து அந்த இடத்தை நிரப்பின. ஊஞ்சல் ஒரு பெரிய விலங்கைப் போல முனகியது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ரைசர், ஹிட் இரண்டையும் அந்த ஊஞ்சலிலிருந்தே உருவாக்கினேன். ஹிட்டின் தொடக்கத்தில் சங்கிலி வெடுக்கென்று இழுபடும் ஓசை, நடுவே பலகை மோதும் ஓசை, அடித்தளமாக ஆழ்ந்த 40 ஹெர்ட்ஸ் அதிர்வு. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் 40 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது என்பதால் அதன் மடங்குகளான 160, 200, 240 ஹெர்ட்ஸ் ஒலிகளையும் சேர்த்தேன். அவற்றைக் கேட்கும் மூளை, இல்லாத அடித்தொனியைத் தானே உணர்ந்துகொள்கிறது.

படத்தின் பெயர் தோன்றுவதற்கு முன் ஊஞ்சல் நிற்கிறது. 18 ஃபிரேம்கள், அதாவது வினாடிக்கு 24 படச்சட்டங்கள் என்ற கணக்கில் முக்கால் வினாடி, ஒலியே இல்லை. தயாரிப்புத் தரப்பில் ஒருவர் அந்த இடைவெளியை நிரப்பச் சொன்னார். எல்லா ஹிட்டுகளையும் இன்னும் உரக்க வைக்க வேண்டுமாம். திரையரங்க ட்ரெய்லர்களுக்கு டாசா அமைப்பு வகுத்த 85 டெசிபல் வரம்பையே நாங்களும் பின்பற்றுகிறோம். அது ட்ரெய்லர் முழுவதற்குமான சராசரி என்பதால், அமைதியான பகுதிகளில் மிச்சம் பிடிப்பதைத்தான் உரத்த இடத்தில் செலவிட முடியும். எல்லாவற்றையும் ஏற்றினால் கடைசியில் மொத்தத்தையும் இறக்க வேண்டிவரும். இதைச் சொன்னபோது அவர் அரை மனதோடு தலையசைத்தார்.

கணக்கு அவருக்காக, என் காரணம் வேறு. நம் மொட்டைமாடி நாடகத்தில் நீ வசனத்தை மறந்து விழித்தபோதுதானே கூட்டம் முழுவதும் மூச்சை அடக்கியது? அதற்கு நீ இன்றுவரை பெருமையடித்துக்கொள்கிறாய். அப்பா போன வாரத்தில் வீட்டில் ஏதோ குறைவதாக மூன்று நாள்கள் தவித்தேன். அவருடைய நாற்காலி இழுபடும் ஓசைதான் அது என்று பிறகே புரிந்தது. இந்தப் படத்தின் தாய்க்கும் குழந்தை போய்விட்டதை நின்றுபோன ஊஞ்சல்தான் சொல்கிறது. அங்கே ஒரு ரீங்காரத்தை வைத்தால் அந்தச் செய்தியே அழிந்துவிடும்.

நாளை மறுநாள் முடிவு தெரியும். கோப்பை அனுப்புகிறேன், முதலில் விளக்கணைத்து ஹெட்ஃபோனில் கேள், பிறகு கைப்பேசியில் கேள். 18 ஃபிரேம்கள் போதுமா என்று மட்டும் உடனே எழுது. 24 ஆக்கிவிட எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்