விண்ணப்பம் ஒன்று, கலந்தாய்வு மட்டும் ஊருக்கு ஒன்றா?

அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நீடாமங்கலத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கடை வாசலில் செருப்பு விட இடமிருக்காது. முன்பெல்லாம் இந்தப் பிள்ளைகள் மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் என்று பஸ் ஏறி, ஒவ்வொரு கல்லூரியிலும் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கினார்கள். 2020-இல் அதை இணையத்துக்குக் கொண்டுவந்தீர்கள். 48 ரூபாய் கட்டணம், 2 ரூபாய் பதிவு. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகள். நல்ல காரியம், மறுக்கவில்லை.

அப்புறம்தான் சிக்கல். தரவரிசையும் கலந்தாய்வும் இன்னும் கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனி.

என் கடையில் விண்ணப்பித்த ஒரு பெண். அம்மா நடவுக்குப் போகிறவர். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். அதையும் அவர் வரப்பில் வைத்துவிட்டு வயலில் இறங்கிவிடுவார். குறுஞ்செய்தியைப் பார்த்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் காலை 9 மணிக்கு இரண்டு கல்லூரிகளில் கலந்தாய்வு, எதிரெதிர்த் திசையில். கல்லூரிகளின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. ஒரிஜினல் சான்றிதழ் ஒரு செட்தானே இருக்கும்? எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினால் அதிலேயே அரை மணி நேரம் போய்விடும். கையில் வந்ததை விடவேண்டாம் என்று, இடம் உறுதியாகத் தெரிந்த கல்லூரிக்குப் போனாள். அவள் ஆசைப்பட்ட கணிதம் மற்ற கல்லூரியில்தான் இருந்தது. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த பையனுக்கு அங்கே கணிதம் கிடைத்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

பொறியியலுக்கு 2018 முதல் கலந்தாய்வே இணையவழியில் நடக்கிறது. விருப்பத்தை வரிசையாகக் கொடுத்தால், மதிப்பெண்படி கிடைப்பது கிடைக்கிறது. பி.ஏ., பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைக்கும் அப்படிச் செய்யலாமே? கல்லூரியும் பாடமும் சேர்ந்த விருப்ப வரிசை, ஒரே தரவரிசை, ஒரே ஒதுக்கீடு. சான்றிதழோடு ஒரே ஒரு நாள் போனால் போதும்.

இந்த வருஷமே முடியாது என்றால், சரி, பக்கத்துப் பக்கத்து மாவட்டக் கல்லூரிகளின் தேதிகளையாவது மோதாமல் வையுங்கள். செய்தியை மூன்று நாள் முன்னால், இரண்டு எண்களுக்கு அனுப்புங்கள். இரண்டாவது எண்ணாக என் கடை எண்ணைக் கொடுக்கச் சொல்கிறேன். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் கம்ப்யூட்டர் சென்டர்காரர்